உடல் ஓர் அமானிதம்

சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊர். உண்பது குற்றமன்று, அளவு மீறுவதே குற்றம். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தார்கள். ஆயினும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15–49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையினர். வாரம் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் நலம்.

மறு எல்லையையும் நாம் காண வேண்டும். எடைக்கு அஞ்சி உணவை மறுப்பதும், உண்டதை வலிந்து வாந்தியெடுப்பதும் மனம் சார்ந்த நோய்களே. நோன்பு அவற்றுக்குத் திரையாகிவிடலாகாது. நோயாளிக்குத் திருமறை (2:184) வழங்கிய சலுகை இவர்களுக்கும் உரியதென்றே நாம் கருதுகிறோம். ரமளான் முடிந்தும் நோன்பென்று சொல்லி நாளும் மெலியும் மகளைப் பேணுதல் மிக்கவளெனப் புகழுமுன், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக!