அபராதம் கட்டியாச்சு, பழைய பதிவு எப்போது அழியும்?

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரே டைடல் பார்க். அங்கிருந்து தெற்கே நீளும் பழைய மகாபலிபுரம் சாலையில் வாசலுக்கு வாசல் செக்யூரிட்டிகள். அந்த வேலைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் கட்டாயம். தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம் 2005-இன் 10-வது பிரிவு, நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரைக் காவலாளியாகச் சேர்க்கக் கூடாது என்கிறது. எத்தனை ஆண்டுகளுக்கு? காலக்கெடு ஏதும் இல்லை.

பதிவை அழிக்க வழி உண்டா?

சிறாருக்கு உண்டு. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24-இன்படி மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்கள் அழிக்கப்பட வேண்டும். கொடுங்குற்றத்தில் ஈடுபட்டு, பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்ட 16 வயது கடந்தோர் விலக்கு.

பெரியவர்களுக்குப் பொதுவான சட்டம் இல்லை. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின்பேரில் விடுவிக்கப்பட்டவருக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. ஆனால் அது தகுதியிழப்பை நீக்குமே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பைத் துடைக்காது. குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் 2022-இன்படி கைரேகை முதலான விவரங்கள் 75 ஆண்டுகள் காக்கப்படும்.

குற்றமற்றவர் என விடுதலையானவர் நிலை?

தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரியவருக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் சாதகமாக உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

மற்ற நாடுகளில்?

பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறு தண்டனைகள் குறிப்பிட்ட காலத்துக்குப்பின் காலாவதியாகின்றன. சாதாரண வேலைகளுக்கு அவற்றைச் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூரில் 3 மாதத்துக்கு மிகாத சிறையோ 2,000 டாலருக்கு மிகாத அபராதமோ பெற்றவர், 5 ஆண்டு குற்றமின்றி இருந்தால் அதே சலுகை உண்டு. கடுங்குற்றங்களுக்கு அது பொருந்தாது.

இங்கே என்ன செய்யலாம்?

இப்போதைக்குப் பழைய வழக்கை மறைக்காமல் இருப்பதே நல்லது. அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் மறைத்தால் அதுவே வேலையைப் பறிக்கலாம். அற்ப வழக்கென்றால் மன்னிக்க இடமுண்டு என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

காலக்கெடு வைப்பது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 2 ஆண்டு சிறைத்தண்டனை பெற்ற அரசியல்வாதி, விடுதலையாகி 6 ஆண்டு கழிந்தால் மீண்டும் தேர்தலில் நிற்கலாம். ஜெயித்தால் சட்டமன்றத்துக்குள் போகலாம். என்றோ ஓர் அடிதடியில் அபராதம் கட்டியவர், ஓர் அலுவலக வாசலில் காவல் நிற்க எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்லட்டும்.