பதின்மூன்றின் வாசலில் - 9: துப்பறியும் பிள்ளைகள்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். அறுபது ஆண்டுகளுக்கும் முந்தைய சங்கதி. மனநல மருத்துவர் ஆரன் பெக்கின் அறையில் ஒரு பெண் சாய்ந்து படுத்தபடி தன் சொந்த வாழ்க்கையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஒரே பதற்றம். பெக், ஃப்ராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர். வெட்கமும் குற்ற உணர்வும்தான் இந்தப் பதற்றத்துக்குக் காரணம் என்று அவர் படித்த பாடம் சொன்னது. அதையே அவரும் எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. தான் பேசுவது டாக்டருக்கு அலுப்புத் தட்டுகிறதோ என்பதுதான் தன் பயம் என்றார். துருவிக் கேட்டபோது, யாரிடம் பேசினாலும் அவருக்குள் இதே நினைப்பு ஓடுவது தெரியவந்தது.

வாய் ஒன்றைப் பேசிக்கொண்டிருக்க, உள்ளே இன்னொரு பேச்சு. மற்ற நோயாளிகளிடமும் பெக் விசாரித்தார். அவர்களிடமும் அது இருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகும். வந்தது நிஜமா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. இந்தத் தானியங்கி நினைப்புகள் எப்படியெல்லாம் கோணலாகின்றன என்பதை 1963இல் அவர் வகைபிரித்து எழுதினார். ஒரே ஒரு சம்பவத்தை வைத்து வாழ்க்கை முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது, பத்து நல்லதை விட்டுவிட்டு ஒரு கெட்டதை மட்டும் பொறுக்குவது, ஆதாரமே இல்லாமல் முடிவு கட்டுவது என்று அந்தப் பட்டியல் போகும். அறிவுசார் நடத்தை சிகிச்சை என்று இன்று உலகம் முழுக்க வழங்கும் முறைக்கு இது அடித்தளம். 2021இல், நூறு வயதில், பெக் காலமானார்.

அவர் பார்த்தது பெரியவர்களை. ஆனால் பட்டியலைப் படித்தால் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம்தான் நினைவுக்கு வரும். தோழிக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகிறது. இரண்டு நீல டிக் விழுகிறது. பதில் இல்லை. ‘என் மேல கோபமா இருக்கா’ என்று தொடங்குவது, ‘யாருக்குமே என்னைப் பிடிக்கல’ என்றாகி, சாப்பாட்டுத் தட்டு வருவதற்குள் ‘எப்பவுமே இப்படித்தான் இருக்கப்போகுது’ என்று முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் தோழியின் கையிலிருந்து போனை அவளுடைய அம்மா வாங்கி வைத்திருக்கலாம். அது இந்தப் பக்கம் தோன்றவே தோன்றாது. அடுத்தவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்பதே பெரிய கேள்வியாகிவிடும் வயது அது.

பெக் பணியாற்றிய அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்தான், 1990களின் தொடக்கத்தில் மார்ட்டின் செலிக்மன், ஜேன் கில்லம், கேரன் ரைவிச், லிசா ஜேகாக்ஸ் ஆகியோர் இந்த முறையைச் சிறுவர்களிடம் கொண்டுபோனார்கள். பத்து முதல் பதின்மூன்று வயதுள்ள, மனச்சோர்வின் சாயல் தெரிந்த அல்லது வீட்டில் சண்டை சச்சரவு பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பள்ளி விட்ட பிறகு, சிறு சிறு குழுக்களாக, பன்னிரண்டு வார வகுப்பு.

அதில் ஒரு வகுப்பு துப்பறியும் கதை. ஒரு சைக்கிள் காணாமல் போகிறது. விசாரிக்க இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸ். இன்னொருவர், மனதில் முதலில் தோன்றிய பெயரையே குற்றவாளி என்று அறிவித்துவிடும் அவசரக்காரர். ஹோம்ஸோ சந்தேகப்படக்கூடிய எல்லோரையும் எழுதிவைத்துக்கொண்டு தடயம் தேடுவார். பிள்ளைகள் அவசரக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு, தங்கள் தலைக்குள் உட்கார்ந்திருப்பவர் இருவரில் யார் என்ற கேள்வி வரும். ‘கணக்கில் மார்க் குறைந்தது நான் மக்கு என்பதால்’ என்பது முதல் சந்தேக நபர் மட்டுமே. படிக்காமல் விட்ட பாடம், முந்தின நாள் காய்ச்சல், வகுப்பில் எல்லோருக்கும் கடினமாக வந்த கேள்வித்தாள் என்று மற்றவர்களையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

‘நல்லதையே நினை’ என்ற உபதேசம் இது இல்லை. மார்க் குறைந்த பிள்ளையிடம் ‘நீ ரொம்ப புத்திசாலிடா கண்ணு’ என்று சொல்லிப் பாருங்கள், நம்பாது. பிள்ளையின் நினைப்பைப் பெரியவர் அடித்துப் பேசினால், பிள்ளை அந்த நினைப்புக்கு வக்கீலாகிவிடும். ‘இதுக்கெல்லாமா அழுவாங்க?’ என்றால் அதுவும் இல்லை, கதவு சாத்தப்படும். தடயம் தேடும் வேலையைப் பிள்ளையே செய்ய வேண்டும். ‘அப்படி உனக்கு ஏன் தோணுது? வேற என்னவா இருக்கலாம்?’ என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருப்பதோடு பெரியவர் வேலை முடிந்தது. அந்தப் பொறுமைதான் நம் வீடுகளில் கஷ்டம்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வகுப்புக்கு வந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் வராதவர்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தன என்று 1995இல் அந்தக் குழு எழுதியது. உடனே எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், மான்செஸ்டர், சவுத் டைன்சைட் பகுதிப் பள்ளிகள் 2007இல் இதை வகுப்பு வகுப்பாக நடத்தின. 2011இல் வந்த மதிப்பீடு அவ்வளவு இனிப்பாக இல்லை. பலன் இருந்தது. ஆனால் சிறியது, ஓரிரு ஆண்டுகளில் கரைந்தும் போனது. வாரம் ஒருமுறை நடந்த இடங்களில் கொஞ்சம் தேவலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடந்த இடங்களில் அதுவும் குறைவு. பால் ஸ்டாலர்ட் குழு பிரிட்டனின் எட்டுப் பள்ளிகளில், 12 முதல் 16 வயது வரையிலான ஐயாயிரம் பிள்ளைகளிடம் இதே போன்ற இன்னொரு பாடத்திட்டத்தைச் சோதித்து 2012இல் வெளியிட்டது. வழக்கமான வாழ்க்கைக் கல்வி வகுப்பைவிட அது உசத்தி இல்லை என்று முடிவு வந்தது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும்படி தன் பயத்தைச் சொல்ல எந்தப் பதின்மூன்று வயதுப் பையன் துணிவான்?

இன்னொரு சிக்கலும் உண்டு. சில நேரம் அந்த நினைப்பு கோணலே இல்லை, உண்மை. நிஜமாகவே வகுப்பில் அவனை ஒதுக்கியிருப்பார்கள். நிஜமாகவே வீட்டில் குடித்துவிட்டு அடிதடி நடக்கும். அங்கே போய் ‘வேறு கோணத்தில் பார்’ என்பது அபத்தம் மட்டுமல்ல, கொடுமை. இந்தியாவில் ‘பிரைட்’ என்ற ஆய்வுத் திட்டத்தை நடத்திய விக்ரம் படேலும் சங்காத் நிறுவனத்தினரும் இதற்கு வேறு வழி எடுத்தார்கள். டெல்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில் 250 மாணவர்கள். ஆலோசனை சொன்னவர்கள் மனநலப் பட்டதாரிகள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். நினைப்பைத் திருத்தும் வேலையை அவர்கள் முதலில் எடுக்கவில்லை. உன் பிரச்சினை என்ன, அதற்கு என்னென்ன செய்யலாம், ஒன்றைச் செய்து பார் என்று மூன்றே படிகள். கையில் ஒரு சிறு புத்தகம், சில சந்திப்புகள். புத்தகம் மட்டும் வாங்கிப்போனவர்களைவிட, ஆளோடு உட்கார்ந்து பேசியவர்கள் தங்கள் பிரச்சினையின் கனம் கூடுதலாகக் குறைந்தது என்று சொன்னார்கள். 2020இல் முடிவுகள் வெளியாயின.

ஆக, நீல டிக்குக்குத் துப்பறியலாம். ஒதுக்கிவைத்த வகுப்புக்கு ஆசிரியரிடம் போய்ப் பேச வேண்டும். எது எந்த ரகம் என்று பிரித்தறிவதற்கே பிள்ளையோடு நாலு வார்த்தை பேசியாக வேண்டும். அதற்கு வீட்டு ஹால் சரிப்படாது. டூவீலரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகும்போது, முகம் பார்க்காமல் பேச வாய்ப்பதால், பல பிள்ளைகள் தாமாகவே வாய் திறப்பார்கள். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு தூக்கம் கெட்டாலோ, ‘செத்துப்போகலாம்’ என்ற பேச்சு எழுந்தாலோ துப்பறியும் விளையாட்டெல்லாம் வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

(அடுத்த வாரம்: இரவு பன்னிரண்டு மணிக்கும் தூங்காத எட்டாம் வகுப்பு)