மௌனமாகச் சாட்சி சொல்லும் பெட்டி

கண்டியிலிருந்து அம்பிட்டிய ஊடாகத் தலாத்துஓயா நோக்கிச் செல்லும் வீதி வளைவுகள் நிறைந்தது. அவ்வீதியோரம் சிறு வாடகை வீடொன்றில் வசிக்கும் சகோதரி ஒருவரைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அவரது பெயரைத் தவிர்த்துக்கொள்கிறேன்.

2009 ஆம் ஆண்டு வன்னியில் பெற்றோரையும் மூத்த மகனையும் பறிகொடுத்தவர் அவர். முகாம் வாழ்க்கை முடிந்ததும் கணவரின் உறவினரை நம்பி மலையேறி வந்தார். கணவர் வேறொருவரின் காரைச் சம்பளத்துக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காத்தார். ஒருநாள் இரவு வளைவொன்றில் லொறியோடு மோதி அவரும் போய்விட்டார். கார்தான் கட்டுக்கடங்காத வேகத்தில் வந்தது என்றார் லொறிச் சாரதி. மறுத்துச் சொல்ல வேறு சாட்சி இருக்கவில்லை.

“அவர் வேகமாய் ஓட்டுற ஆளில்லை மிஸ். ஆனா அதைச் சொல்ல எனக்கு ஆர் இருக்கினம்?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. சமூகவியல் படித்த எனக்கு வாகனங்களைப் பற்றி என்ன தெரியும்? பின்னர் ஒரு சட்டத்தரணியிடம் விசாரித்தபோதுதான், அந்தக் காருக்குள்ளேயே ஒரு சாட்சி இருந்திருக்கலாம் என்பதை அறிந்தேன்.

விமானங்களில் கறுப்புப் பெட்டி இருப்பதை நாம் அறிவோம். காற்றுப்பை பொருத்தப்பட்ட நவீன கார்கள் பலவற்றிலும் அதைப் போன்ற ஒரு பதிவுக் கருவி உண்டு. காற்றுப்பையை இயக்கும் சிறு பெட்டிக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. பெரும்பாலும் முன்னாசனங்கள் இரண்டுக்கும் நடுவே, அடிப்பகுதியில் இருக்கும். மோதலுக்கு முந்திய ஏறத்தாழ 5 வினாடிகளில் கார் என்ன வேகத்தில் சென்றது, பிரேக் அழுத்தப்பட்டதா, சாரதி ஆசனப்பட்டி அணிந்திருந்தாரா, காற்றுப்பை எப்போது விரிந்தது என்பவற்றை அது பதிந்து வைக்கும். நம் பேச்சை அது பதிவதில்லை. ஓட்டியவர் யார் என்பதும் அதற்குத் தெரியாது.

அமெரிக்கா 2006 ஆம் ஆண்டு இக்கருவிகளுக்கான விதிகளை வெளியிட்டது. பதிவான தகவல் வாகன உரிமையாளருக்கே சொந்தம் என 2015 இல் அங்கு சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயமாகும்.

அயல்நாடான இந்தியாவில் நடந்த ஒரு சம்பவம் இதன் பயனைத் தெளிவாகக் காட்டும். 2022 செப்டெம்பர் 4 ஆம் திகதி, டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பயணித்த மேர்சிடிஸ் பென்ஸ் கார், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் பாலத் தடுப்பில் மோதியது. காரிலிருந்து பெறப்பட்ட தகவல்களை ஆராய்ந்த அந்நிறுவனம் பொலிஸாருக்கு அறிக்கை கொடுத்தது. விபத்துக்குச் சில வினாடிகள் முன் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். பிரேக் அழுத்தப்பட்டு, மோதும்போது 89 கிலோமீற்றர் எனப் பொலிஸார் தெரிவித்தனர். ஊகங்கள் பல உலாவிய வேளையில் கணக்கொன்று கையில் கிடைத்தது. பின்னாசனத்தில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் உயிரிழந்தனர். அவர்கள் ஆசனப்பட்டி அணிந்திருக்கவில்லை என்று கூறப்பட்டது. முன்னாசனத்தில் இருந்த இருவரும் படுகாயத்துடன் பிழைத்தனர்.

அங்கே செல்வாக்குள்ள குடும்பம். கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள். நம் சகோதரிக்கோ அப்படியொரு பெட்டி இருப்பதே தெரியாது. நான் விசாரித்துப் போவதற்குள் உரிமையாளர் நொறுங்கிய காரைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். பாகம் பாகமாகக் கழற்றப்பட்ட காரோடு பெட்டியும் போயிற்று.

“அது இருந்திருந்தால் அவர் வேகமாக வந்தார் என்றும் சொல்லியிருக்கலாம் அக்கா” என்று தயங்கியபடி சொன்னேன். “சொல்லட்டுமே. பிழை எண்டாலும் தெரிஞ்சா மனம் ஆறும். என்ர பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டும் தெரியாது, இவருக்கு என்ன நடந்ததெண்டும் தெரியாது” என்றார். அதன்பின் நான் எதுவும் பேசவில்லை.

சகோதரிகளே, இத்தகைய துயரம் எவருக்கும் நேரக்கூடாது. நேர்ந்துவிட்டால் சில விடயங்களை நினைவில் வைத்திருங்கள். விபத்துக்குள்ளான காரை உடனே விற்கவோ உடைக்கவோ விடாதீர்கள். வாகனம் வேறொருவருடையதாயின், அதை அப்படியே வைத்திருக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கராஜில் திருத்தத் தொடங்குமுன், இக்கருவி இருக்கிறதா என்று சட்டத்தரணி மூலம் விசாரியுங்கள். அதிலுள்ள தகவலை எடுக்கத் தனியான சாதனமும் பயிற்சி பெற்றவரும் தேவை. பணம் இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். துக்கத்திலேயே அந்தக் காலம் கரைந்துவிடக் கூடாது.

முச்சக்கரவண்டியிலோ பழைய பஸ்ஸிலோ இப்பெட்டியை எதிர்பார்க்க முடியாது. அவ்வேளையில் இடத்தைப் படம் பிடிப்பதும், அயலவரின் வாக்குமூலத்தை அன்றே பொலிஸில் பதியச் செய்வதுமே கைகொடுக்கும்.

என்ன நடந்தது என்பதை அறிவது நமது உரிமை. பெட்டி தானாகப் பேசாது. நாம்தான் கேட்க வேண்டும்.