பத்து ஜிகா காப்பரும் அம்பத்தூர் வெயிலும்

டீ வருவதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷீட் கூரை போட்ட பட்டறைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. சுவரில் ஒரு ரேக், அதற்குள் ஃபேன் இல்லாத சுவிட்ச், பக்கத்திலேயே யூ.பி.எஸ். டிராயிங் ஃபைல்கள் பெரிதாகிவிட்டன என்று பத்து ஜிகா காப்பர் மாட்யூல்களை வாங்கி வரிசையாகச் செருகிவிடுவார்கள். சித்திரை பிறந்ததும் தொல்லை ஆரம்பம். மத்தியானம் இரண்டு மணிக்கு லிங்க் விட்டு விட்டு வரும். நைட் ஷிஃப்டில் ஒரு குறையும் இருக்காது. கேபிளை மாற்றுவார்கள், மறுபடி கிரிம்ப் செய்வார்கள். பகலில் மட்டும் வருகிற கோளாறு என்றால் முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள்.

காப்பர் ஏன் இப்படிச் சுடுகிறது? கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். நான்கிலும் இரு முனைகளும் ஒரே சமயத்தில் பேசுகின்றன, ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 80 கோடி குறியீடுகள் வீதம். இரைச்சலான கடையில் நாமும் பேசிக்கொண்டே எதிரில் இருப்பவர் பேசுவதையும் பிடிப்பது போல, மாட்யூலில் உள்ள சிப் தன் எதிரொலியையும் பக்கத்து ஜோடியின் கசிவையும் கழித்துவிட்டு வந்த செய்தியைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு ஓயாமல் ஓடுகிறது. செலவாகும் மின்சாரம் அத்தனையும் சூடாக வெளியே வந்தாக வேண்டும்.

மாட்யூலைச் செருகும் எஸ்.எஃப்.பி. பிளஸ் துளை, ஒன்று அல்லது ஒன்றரை வாட்டை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. 30 மீட்டர் ஓடும் பழைய காப்பர் மாட்யூல் ஏறக்குறைய இரண்டரை வாட் இழுக்கும். புதிய சிப் வந்தவை இரண்டு வாட்டுக்குள் நிற்கின்றன, தூரமும் கூடுதலாகப் போகின்றன. குறுந்தூர ஃபைபர் மாட்யூலுக்கு ஒரு வாட் போதும். விரலளவு உலோகக் கூட்டில் பழைய காப்பர் இழுக்கும் அந்தக் கூடுதல் ஒன்றரை வாட் சின்ன விஷயமல்ல. சாதாரண மாட்யூலின் மேல்கூடு 70 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ரேக்குக்குள் காற்றே 50 டிகிரி என்றால் மிச்சம் 20தான்.

இதே அம்பத்தூரில் பெரிய டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. அந்த மாதிரி இடங்களில் சுவிட்சுக்குள் போகும் காற்றை 18 முதல் 27 டிகிரிக்குள் வைப்பதுதான் பொதுவான வழக்கம். பட்டறைக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே காப்பரைக் கணக்காகப் போடுங்கள். ஒரே ரேக்குக்குள் இரண்டு சுவிட்சை இணைக்க டி.ஏ.சி. எனும் நேரடி இணைப்புக் கேபிள் போதும், அது சூடாவதே தெரியாது. ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு ஃபைபர் இழுங்கள். மழைக்கால இடிக்கும் அதுவே பத்திரம். ஏற்கெனவே சுவருக்குள் கேட் 6ஏ கேபிள் ஓடியிருக்கிற இடத்தில் மட்டும் காப்பர். அதிலும் இரண்டு மாட்யூலுக்கு நடுவே ஒரு துளையைக் காலியாக விடுங்கள். சுவிட்சில் ஃபேன் இருக்கட்டும். வாங்கும்போது வெப்பநிலையைக் காட்டும் மாட்யூலா என்று கேளுங்கள்.

கத்திரி தொடங்குவதற்கு முன், சூட்டைக் கூட்டும் யூ.பி.எஸ்.ஸை ரேக்குக்கு வெளியே தள்ளி வைத்துவிடுங்கள். அதற்குச் செலவே கிடையாது.