பக்கவாதம் வந்தால் முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களும் உண்டு. அவர்கள் மனதில் உறுத்தும் கேள்வி ஒன்றுதான்: "தர்மபுரியிலேயே சேர்த்தது சரியா, நேராக சேலத்துக்கோ பெங்களூருக்கோ கொண்டு போயிருக்க வேண்டுமா?" நோய் வந்த நிமிடத்தில் இதை உட்கார்ந்து யோசிக்க முடியாது. ஆகவே வீட்டில் எல்லோரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறோம்.

இரண்டு வகை, ஒரே அடையாளம்

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலும் பக்கவாதம் வரும். குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலும் வரும். பெரும்பாலும் வருவது அடைப்புதான். ஆனால் ஆளைப் பார்த்து இது எந்த வகை என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்புக்கான மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

4½ மணி நேரக் கணக்கு

அடைப்பு என்று தெரிந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு பலன். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் ஊசி மட்டும் போதாமல் போகலாம். அப்போது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுப்பார்கள். இது பொதுவாக 6 மணி நேரத்துக்குள் செய்யப்படுவது. ஸ்கேனைப் பார்த்து, தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்கிறார்கள். இந்தச் சிகிச்சை பெருநகரங்களில் உள்ள சில மருத்துவமனைகளில்தான் உண்டு.

நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? இஷா தொழுதுவிட்டுப் படுத்தவர் ஃபஜ்ருக்கு எழும்போது கை தூக்க முடியவில்லை என்றால், ஃபஜ்ரிலிருந்து எண்ணக் கூடாது. அவரைக் கடைசியாக நலமாகப் பார்த்த நேரமே கணக்கு. அதற்காக, நேரம் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. அந்த முடிவை ஸ்கேன் பார்த்த மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

அருகிலா, தொலைவிலா?

இந்தக் கேள்வியை ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில் 2017 முதல் 2020 வரை ஆராய்ந்தார்கள். பெரிய குழாய் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 1,400 பேரில் ஒரு பகுதியினரை அருகிலுள்ள மருத்துவமனைக்கும், மற்றவர்களை நேராகத் தொலைவிலுள்ள பெரிய மையத்துக்கும் அனுப்பினார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ரத்தக் கசிவு உள்ளவர்களோ, நேராகத் தொலைவுக்குக் கொண்டு போனபோது கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள்.

இதில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அங்கே அருகிலிருந்த மருத்துவமனைகளில் ஸ்கேனும் ஊசியும் தயாராக இருந்தன; மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடும் சீராக இருந்தது. ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு காத்திருப்பது இதில் சேராது. அது நேரத்தை இழப்பதுதான்.

நம் மாவட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கி.மீ.; நடுவே தொப்பூர் கணவாய், அங்கே லாரி கவிழ்ந்தால் போக்குவரத்தே நின்றுவிடும். பெங்களூர் அதைப்போல் இரண்டு மடங்கு தூரம். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமத்தவருக்கு தர்மபுரி வருவதே ஒரு பயணம். ஆகவே 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேனும் ஊசியும் கிடைக்கும் மிக அருகிலுள்ள மருத்துவமனைதான் முதல் இடம். அங்கே ஊசி போட்ட பிறகு, தேவைப்பட்டால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்பும்போது தாமதிக்காமல் கிளம்ப வேண்டும். ஸ்கேன் படத்தையும் ஊசி போட்ட நேரத்தையும் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியவை

1. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், திடீரெனப் பார்வையோ நடையோ தடுமாறினால் உடனே 108ஐ அழையுங்கள். பக்கவாதம் என்று சொல்லி, ஸ்கேன் உள்ள இடத்துக்கே கொண்டு போகச் சொல்லுங்கள்.
2. தண்ணீர், டீ, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெய் தேய்ப்பதும் புறா ரத்தம் தடவுவதும் அடைப்பை நீக்காது.
3. கடைசியாக நலமாகப் பார்த்தவர் கூடவே போகட்டும். சாப்பிடும் மாத்திரைகள், பழைய சீட்டுகள், ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள்.
4. ஊசிக்குக் கையெழுத்துக் கேட்டால், பெரியப்பா வரட்டும், மாமா வரட்டும் என்று காக்க வைக்காதீர்கள். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு சுமார் 6 பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது உண்மை. அதே ஆய்வில், ஊனமின்றித் தேறியவர்கள் ஊசி போட்டவர்களிடையேதான் அதிகம். மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து, அங்கே இருப்பவரே முடிவெடுங்கள்.

தவக்குல் வைப்பது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு அல்ல. உங்கள் ஊருக்கு அருகில் ஸ்கேனும் ஊசியும் இரவிலும் கிடைக்கும் இடம் எது என்று இந்த வாரமே விசாரித்து, அந்தத் தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஜும்ஆவுக்கு வரும்போது பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்