மின்மாற்றியின் மூச்சு

நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் 'நாளைய மின்தடை' என்றொரு சிறு செய்தி தவறாமல் வரும். பத்துப் பதினைந்து தெருப் பெயர்கள். பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பு. கம்பியில் உரசும் நாலு கிளையை வெட்ட இத்தனை மணி நேரமா என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அங்கே நடப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கோ, அத்தனை வேலைக்கும் ஐந்து மணி நேரம் போதுமா என்றுதான் தோன்றும்.

கிளையிலிருந்தே தொடங்கலாம். 2021 ஜூனில் தமிழகத்தில் அடிக்கடி மின்சாரம் போனபோது, அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி ஒரு விளக்கம் சொன்னார். பராமரிப்புப் பணி பல மாதங்களாக நடக்காததால் கிளைகள் வளர்ந்து கம்பிகளில் படுகின்றன, அவற்றின் வழியே அணில்கள் ஓடுகின்றன என்றார். ஊரே சிரித்தது. ஆனால் அணில் சிரித்து ஒதுக்கக்கூடிய காரணமல்ல. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் அணிலால் மின்சாரம் போய், நாஸ்டாக் பங்குச் சந்தையின் வணிகம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றது. 1994 ஆகஸ்டில் இன்னோர் அணிலால் அதே சந்தை மறுபடியும் நின்றது. ஒற்றைக் கம்பியில் ஓடும்வரை அணிலுக்கும் ஆபத்தில்லை, நமக்கும் இல்லை. மின்மாற்றியின் தலையில், கம்பி வந்து சேரும் பீங்கான் புஷிங்கின் முனைக்கும் மண்ணோடு இணைத்த இரும்புத் தொட்டிக்கும் இடைவெளி மிகக் குறைவு. பின்னங்கால் தொட்டியிலும் முன்னங்கால் முனையிலும் பட்டால் போதும். அணில் கருகும், பியூஸ் போகும், தெரு இருளும். கிளையை வெட்டினால் அணிலின் பாதையும் அறுபடுகிறது.

வெட்டும் நேரத்தைவிட, வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே அதிக நேரம் பிடிக்கும். மின்வாரியத்தில் 'எல்.சி.' என்று சொல்லப்படும் லைன் கிளியர் வாங்காமல் யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது. துணை மின்நிலையத்தில், அந்தத் தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பீடரின் பிரேக்கரையும் ஐசோலேட்டரையும் திறந்து, எத்தனை மணிக்கு யாருக்கு எல்.சி. தரப்பட்டது என்று பதிவேட்டில் எழுதுவார்கள். களத்தில், கம்பத்திலேயே கம்பித் தொடர்பைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டுவார்கள். பிறகு எர்த் ராடு வரும். நீண்ட கழியின் நுனியில் ஒரு கொக்கி, அதிலிருந்து தரைக்கு இறங்கும் கம்பி. அந்தக் கம்பியை முதலில் மண்ணோடு இணைத்து, வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கமும் மூன்று மின்கம்பிகளிலும் கொக்கியை மாட்டிய பிறகே பெல்ட் ரோப்பைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும்.

மின்சாரம் நிறுத்திய கம்பிக்கு எதற்கு இத்தனை காவல்? ஏதோ ஒரு கடையில், ஜெனரேட்டரையும் தெருக் கம்பியையும் ஒன்றோடொன்று சேரவிடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்த 230 வோல்ட் தெரு மின்மாற்றிக்குள் எதிர்த்திசையில் நுழைந்து, பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகிக் கம்பிக்கு வந்துவிடும். கம்பத்தின் மேல் இருப்பவருக்கு அது எந்த முன்னறிவிப்பும் தராது. எர்த் ராடுதான் அவருடைய உயிர். வேலை முடிந்ததும் இவை அனைத்தையும் தலைகீழ் வரிசையில் செய்த பிறகே மின்சாரம் திரும்பும்.

எல்.சி. கிடைத்த நேரத்தில் நடக்கும் மற்ற வேலைகள் பல. தளர்ந்த இணைப்புகளை இறுக்குவார்கள். எந்த இணைப்பு அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதை வெப்பக் கேமராவால் முன்பே பார்த்துக் குறித்து வைத்திருப்பார்கள். கடற்கரை ஊர்களில் பீங்கான் இன்சுலேட்டர்களைத் துடைப்பது முக்கியம். உப்புக் காற்று அவற்றின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. காய்ந்திருக்கும்போது அதனால் தீங்கில்லை. விடியற்காலைப் பனியில் நனைந்தால் அதுவே மின்சாரம் கசியும் வழியாகிவிடும்.

எல்லாவற்றிலும் விந்தையான பொருள், மின்மாற்றியின் பக்கவாட்டில் தொங்கும் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே நீலமாகவோ ஆரஞ்சாகவோ சிறு மணிகள். தெருவில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். என்ன என்று கேட்டிருக்க மாட்டார்கள். அதன் பெயர் பிரீதர். மின்மாற்றி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

மின்மாற்றியின் தொட்டி நிறைய எண்ணெய். உள்ளே செம்புக் கம்பிச் சுற்றுகள், அவற்றின்மேல் காகிதம். மின்சாரம் தாவாமல் தடுப்பதும் சூட்டை வெளியே கடத்துவதும் எண்ணெயின் வேலை. ஊரில் மின்பயன்பாடு ஏறும்போது எண்ணெய் சூடாகி விரிந்து, மேலிருக்கும் சிறு தொட்டிக்குள் ஏறி, அங்கிருக்கும் காற்றை வெளியே தள்ளும். சுமை குறைந்து குளிரும்போது எண்ணெய் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இழுத்த காற்றோடு ஈரமும் வரும். அந்த ஈரத்தை வழியிலேயே பிடித்துக்கொள்ளத்தான் குப்பியில் சிலிக்கா ஜெல். கீழே ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். காற்று அதைக் கடந்து வருவதால் தூசி அங்கேயே நின்றுவிடும். பொறுமையாகக் கவனித்தால் கிண்ணத்தில் குமிழி வருவதைப் பார்க்கலாம்.

நீல மணிகளுக்கு நிறம் தருவது கோபால்ட் குளோரைடு. ஈரம் குடித்தால் அது இளஞ்சிவப்பாகிவிடும். சூடேற்றி உலர்த்தினால் மறுபடியும் நீலம். கோபால்ட் உடலுக்குக் கெடுதல் என்பதால் ஆரஞ்சு மணிகளும் இப்போது பயன்பாட்டில் உள்ளன. காற்று கீழிருந்து வருவதால் நிறமாற்றமும் கீழிருந்தே தொடங்க வேண்டும். மேலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தால், குழாயிலோ மூடியிலோ எங்கோ ஓட்டை, காற்று குறுக்கு வழியில் நுழைகிறது என்று அர்த்தம். கருவியோ கணினியோ இல்லாமல், தரையில் நின்றபடி ஒரு லைன்மேன் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஈரம் அவ்வளவு பெரிய எதிரியா? இக்கட்டுரையாளரின் பாட்டி ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட்டவரை லேசில் விடமாட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒரு வருட ஊறுகாயைக் கெடுத்துவிடும். மின்மாற்றிக்குள்ளும் அதே கதைதான். எண்ணெயைச் சோதிக்க, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு முனைகளுக்கு நடுவில் அதை ஊற்றி, பொறி தாவும்வரை மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள். வடிகட்டி உலர்த்திய புது எண்ணெய் 60,000 வோல்ட் வரை தாங்கும். ஈரமும் தூசியும் சேர்ந்த எண்ணெய் அதில் பாதிக்கே கைவிட்டுவிடும். எண்ணெயையாவது வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். ஈரம் ஏறி நைந்த காகிதத்தை மாற்ற வேண்டுமானால் மின்மாற்றியைப் பிரித்துச் சுற்றையே புதிதாகச் சுற்ற வேண்டும். மின்மாற்றியின் ஆயுள் என்பது அந்தக் காகிதத்தின் ஆயுள்தான்.

துணை மின்நிலையத்தில் இருக்கும் பெரிய மின்மாற்றிகளுக்கு இன்னும் நுட்பமான சோதனை உண்டு. அடியிலிருக்கும் வால்விலிருந்து, காற்றுக் குமிழி புகாமல் கண்ணாடிச் சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்கள் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும். கார்பன் மோனாக்சைடு கூடினால் காகிதம் வெந்துகொண்டிருக்கிறது. எத்திலீன் கூடினால் எண்ணெய் எங்கோ மிகையாகச் சூடாகிறது. வெல்டிங் பட்டறையில் எரியும் அசிட்டிலீன் பத்து லட்சத்தில் சில பங்கு தென்பட்டாலே பொறியாளர் உஷாராவார். உள்ளே மின்பொறி தாவுகிறது என்பதற்கு அது அடையாளம். அதையும் தவறவிட்டால் கடைசிக் காவலன் புக்கோல்ஸ் ரிலே. ஜெர்மானியரான மாக்ஸ் புக்கோல்ஸ் 1921-ல் உருவாக்கியது. தொட்டிக்கும் மேல்தொட்டிக்கும் நடுவேயுள்ள குழாயில் இரண்டு மிதவைகள். வாயு மெல்லச் சேர்ந்தால் ஒன்று மணியடிக்கும்; எண்ணெய் திடீரென்று சீறினால் இன்னொன்று மின்சாரத்தையே துண்டிக்கும். நூறாண்டு கடந்தும் உலகெங்கும் அது வேலை செய்கிறது.

இவ்வளவு அறிவும் கையிலிருக்க, தெருமுனை மின்மாற்றிகளைப் பாருங்கள். பிரீதரின் மணிகள் எப்போதோ வெளுத்துப் போயிருக்கும். சில இடங்களில் குப்பி உடைந்து குழாய் வெறும் வாயாகத் திறந்து கிடக்கும். ஒரு கைப்பிடி மணிகளின் விலையைச் சேமித்து, லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தை இழப்பது என்ன சிக்கனம்? தேர்வு, தேர்தல், திருவிழா என்று பராமரிப்பைத் தள்ளிப்போடுவது எளிது. தள்ளிப்போட்ட வேலை, கோடையில் ஒருநாள் நள்ளிரவில், எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் நேரத்தில் எரிந்த மின்மாற்றியாக வந்து நிற்கும். களப்பணியில் பல ஆயிரம் இடங்கள் காலியாக இருக்கும்போது, இருக்கும் ஆளைக் குறை சொல்லியும் பயனில்லை. முதலில் ஆளைப் போட வேண்டும்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. மின்மாற்றியின் காலடியில் குப்பை கொட்டுவதையும் அதைக் கொளுத்துவதையும் நிறுத்த வேண்டும். கம்பத்தில் விளம்பரப் பலகை கட்டக் கூடாது. வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால் சேஞ்ச்ஓவர் சுவிட்சை இந்த வாரமே பொருத்துங்கள். தெரு மின்மாற்றியில் எண்ணெய் கசிந்தாலோ, பிரீதர் குப்பி உடைந்திருந்தாலோ கிட்டே போகாமல், 2021-ல் தொடங்கிய மின்னகம் சேவை மையத்துக்குச் சொல்லுங்கள். எண் 94987 94987. இரவும் பகலும் எடுப்பார்கள்.