பரோட்டாக் கடை பீஃபும் புலிக்குளம் மாடும்

கூகுள்ல "பீஃப் கேட்டில் பிரீட்ஸ்"னு தேடிப் பாருங்க. ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு, ஷாரொலே, லிமோசின், வாக்யூன்னு ஒரு பட்டியல் வரும். அதுல இருக்கிற ஒரு மாட்டைக்கூட நீங்க மதுரைப் பக்கம் பார்த்திருக்க வாய்ப்பு இல்லை. ஆனா நம்ம ஊரில் பீஃப் கிடைக்குது. ராத்திரி பரோட்டாவுக்கு மிளகு தூக்கலா வறுத்த பீஃப் வாங்கிச் சாப்பிட்ட ஆளுங்க இதைப் படிக்கிறவங்களில் நிறைய பேர் இருப்பீங்க. அப்போ அந்தத் தட்டில் இருக்கிறது எந்த இனம்?

கறிக்காகவே வளர்த்த இனம் எதுவும் இல்லை என்பதுதான் பதில். அது வேறு ஏதோ வேலைக்குப் பிறந்த மாடு. பால் கறந்து முடிச்ச மாடாவோ, வண்டி இழுத்து ஓய்ஞ்ச மாடாவோ, எந்த வேலைக்கும் தேவைப்படாத காளைக்கன்றாவோ இருக்கலாம். ஒரு மாட்டினத்தை எதுக்காக உருவாக்கினாங்கன்னு தெரிஞ்சா, அது ஏன் இன்னும் இருக்கு, ஏன் குறையுதுன்னு புரியும்.

முதல்ல கறிமாடு. இதை ஒரு டிசைன் பிராப்ளமா பாருங்க. குறைந்த காலத்தில், குறைந்த தீவனத்தில், அதிக தசை வேணும். அந்தத் தசையும் முதுகிலும் பின் தொடையிலும் இருக்கணும், ஏன்னா விலை அங்கேதான். ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் இதுக்கு நல்ல உதாரணம். கறுப்பு நிறம், பிறவியிலேயே கொம்பு இல்லை, குட்டையான கால், பக்கவாட்டில் பார்த்தா கிட்டத்தட்ட செவ்வகமான உடம்பு. தசைக்கு நடுவே மெல்லிய கோடுகளா கொழுப்பு படியும். அதுதான் ஸ்டேக் ரசிகர்கள் உருகுற விஷயம். (ஜப்பானின் வாக்யூ அந்த ஒரே விஷயத்தை எல்லைக்குக் கொண்டுபோனது.) இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுக்குச் சிவப்பு உடம்பு, வெள்ளை முகம். சுமாரான மேய்ச்சலிலும் தேறிடும், சாதுவான மாடு. பிரான்ஸின் ஷாரொலே வெள்ளையா, பெரிய சைஸில் இருக்கும்.

இந்த டிசைன் எவ்வளவு தூரம் போகும்னு பார்க்கணும்னா பெல்ஜியன் புளூ படத்தைப் பாருங்க. ஜிம் விளம்பரம் மாதிரி இருக்கும். தசை வளர்ச்சிக்கு பிரேக் போடுற மயோஸ்டேடின் என்ற புரதத்தை உருவாக்கும் ஜீன் இந்த இனத்தில் வேலை செய்யாது. பிரேக் இல்லாததால் தசை ஏறிக்கிட்டே போகும். அதுக்கு விலை, கன்று பெரிசா இருக்கிறதால பெரும்பாலான பசுக்களுக்கு சிசேரியன் தேவைப்படுது. ஒரு பாராமீட்டரை மட்டும் ஆப்டிமைஸ் பண்ணினா என்ன ஆகும்னு நம்ம வாத்தியார்கள் சொல்வாங்களே, அதுதான்.

இப்போ நம்ம ஊர் மாட்டுக்கு வருவோம். புலிக்குளம் என்பது சிவகங்கை மாவட்டத்து ஊர். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய இனம் மதுரை, சிவகங்கை சமவெளியைச் சேர்ந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனத்தில் பதிவான இனமும்கூட. இதுக்கு ஜல்லிக்கட்டு மாடு, கிடை மாடுன்னு வேற பேர்களும் உண்டு. உடம்பு சின்னது, ஆனா இறுக்கமானது. பசு வெள்ளை அல்லது சாம்பல். காளைக்குக் கழுத்து, திமில், பின்பகுதி எல்லாம் கருத்து வரும். கொம்பு பின்னோக்கி, வெளியே, மேலே வளைஞ்சு கூரா முடியும். பால் ரொம்பக் குறைவு, கன்றுக்குப் போக மிச்சம் தேறினா பெரிசு. ஆங்கஸ் வளர்க்கிற ஒருத்தரிடம் இதைக் காட்டினா, "இதை வச்சு என்ன பண்றீங்க?"ன்னுதான் கேட்பார்.

என்ன பண்றோம்னா, நடக்க விடுறோம். இந்த இனத்தைத் தொழுவத்தில் கட்டி, தீவனம் போட்டு வளர்க்கிறது வழக்கம் இல்லை. நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே மந்தையா ஓட்டிக்கிட்டு ஊர் ஊரா போவாங்க. நெல் அறுவடை முடிஞ்ச வயலில் ராத்திரி மந்தையை அடைச்சு வைப்பாங்க. அதுதான் கிடை போடுறது. சாணமும் மூத்திரமும் அப்படியே மண்ணில் இறங்கும். வயல்காரர் அதுக்குக் காசோ நெல்லோ தருவார். அடுத்த நாள் அடுத்த வயல். அதாவது, இது சொந்தக் காலில் நடந்து, சொந்தமா எரிபொருள் தேடிக்கிட்டு, வயலுக்கு நேரடியா டெலிவரி கொடுக்கிற உரத் தொழிற்சாலை. பால் கறக்காம, எடை போடாம ஒரு மாடு குடும்பத்தைக் காப்பாத்த முடியும்னு இந்த முறையைப் பார்த்தாதான் நம்ப முடியும்.

இந்த வேலைக்கு என்ன ஸ்பெக் வேணும்னு யோசிங்க. காய்ஞ்ச புல்லில் தாக்குப்பிடிக்கணும், வெயிலில் மைல் கணக்கா நடக்கணும், உடம்பு பெருத்துடக் கூடாது. கொட்டகை இல்லாம திறந்த வெளியில் இருக்கிற மாடு தன்னையும் கன்றையும் தானே காப்பாத்திக்கணும். அந்த முரட்டுக் குணம்தான் வாடிவாசலில் நீங்க பார்க்கிறது. சும்மா வந்த கோபம் இல்லை அது.

தமிழ்நாட்டின் மற்ற இனங்களும் வேலை மாடுகள்தான். காங்கயம் கொங்கு நாட்டில் கமலை இறைக்கவும் பார வண்டிக்கும் உழைச்சது. கன்று சிவப்பா பிறந்து சில மாதத்தில் சாம்பலா மாறிடும். உம்பளச்சேரி டெல்டாச் சேற்றுக்கான மாடு, அதனால குட்டையான கால். பர்கூர் ஈரோட்டு மலைக்காட்டில் மேயும் செம்மை வெள்ளைத் திட்டு மாடு. ஆலம்பாடி தர்மபுரிப் பக்கத்து உழவு மாடு.

திமில் மாடு கறிக்கு ஆகாதுன்னு இதிலிருந்து முடிவு பண்ணிடாதீங்க. இங்கேதான் கதை சுவாரசியம். ஆந்திராவின் ஓங்கோல் மாட்டை 19ஆம் நூற்றாண்டிலேயே பிரேசிலுக்குக் கப்பல் ஏத்தினாங்க. அங்கே அதுக்கு வச்ச பேரு "நெலோர்". நம்ம நெல்லூர்தான். ஐரோப்பிய மாடுகள் வெப்பத்திலும் உண்ணிக் கடியிலும் திணறின இடத்தில், தளர்ந்த தோலும் நீண்ட அலைதாடியும் நல்லா வேர்க்கிற உடம்பும் கொண்ட இந்த மாடு அசராம நின்னுது. தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து கறிமாடாவே மாத்திட்டாங்க. இன்னைக்கு பிரேசிலின் கறிமாட்டு மந்தையில் பெரும்பகுதி நெலோர் ரத்தம். வியாதினா-19 என்ற ஒரு நெலோர் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டி கின்னஸ் வரைக்கும் போச்சு. அதன் எடை 1,100 கிலோ. அமெரிக்காவின் பிராமன் இனமும் ஓங்கோல், கீர், குஜராத் மாடுகளின் கலவைதான். அதை ஆங்கஸோடு கலந்து பிராங்கஸ் என்ற இனத்தையும் உருவாக்கினாங்க. கறிமாடு என்பது பிறவிக் குணம் இல்லை. நூறு வருஷமா எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் அதை முடிவு பண்ணுது. நாம தேர்ந்தெடுத்தது நுகத்தடியைத் தாங்கும் கழுத்தை.

அந்த நுகத்தடிக்குத்தான் இப்போ வேலை இல்லை. டிராக்டர் வந்துச்சு, மினி லாரி வந்துச்சு. பாலுக்காக ஜெர்சி, ஹோல்ஸ்டீன் விந்தணுவைச் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஊர் ஊரா கொடுத்தாங்க. கலப்பினப் பசு பால் தரும், சரி. அதுக்குப் பிறக்கிற காளைக்கன்றை என்ன பண்றது? திமில் பேருக்குத்தான் இருக்கும், வெயிலில் உழவும் ஓடாது. நம்ம தட்டுக்கு வர்ற பீஃபில் நிறைய இந்த வழிதான், கூடவே வயசான மாடுகளும். ஆங்கஸில் உயிர் எடை 100 கிலோவுக்கு உரிச்ச உடல் 60 கிலோ அளவுக்கு நிக்கும், இந்த மாடுகளில் பாதி தேறினா அதிகம். தசை உழைச்சு முறுகினதால் கடைக்காரர் குக்கரில் நிறைய விசில் விடுறார். மிளகும் எண்ணெயும் தூக்கலா போடுறதுக்கும் ஒரு இன்ஜினியரிங் காரணம் உண்டு! (இந்தியா ஏற்றுமதி பண்ற "பீஃப்" முழுக்க எருமை இறைச்சி. அது வேறு கணக்கு.)

மாட்டை வெட்டுறதுக்குச் சட்டமும் உண்டு. 1958ஆம் வருஷத்து தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயசு தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடுன்னு சான்று வாங்கணும். 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் மாட்டை வெட்டுக்காக விற்கவே கூடாதுன்னு விதி கொண்டுவந்தது. அதுக்கு ஒரு வாரத்தில் முதல் தடை கொடுத்தது நம்ம ஊரில் இருக்கிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டிச்சது. சாப்பாட்டு அரசியலை விடுங்க, விவசாயியின் கணக்கை மட்டும் பாருங்க. கிழ மாட்டை விற்ற காசுதான் அடுத்த மாட்டுக்கு முன்பணம். அந்த வழியை அடைச்சா அவர் மாடு வாங்குறதையே நிறுத்துவார்.

புலிக்குளத்துக்கு மட்டும் ஒரு காப்பு இருந்துச்சு, ஜல்லிக்கட்டு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டப்போ காளையை வச்சிருக்க ஒரு காரணம் போச்சு. 2017 ஜனவரியில் தமுக்கத்தில் உட்கார்ந்த அண்ணன் அக்காக்கள் கேட்டது அதைத்தான். மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. நாட்டு மாட்டை மட்டும்தான் அவிழ்க்கணும்னு 2021லேயே உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு.

ஆனா அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் கார், பைக் பரிசு எல்லாம் காளைக்கும் அதை அடக்குறவருக்கும்தான். காளையைப் பெத்த பசு இன்னும் கிடையில்தான் நடக்குது. வயலில் யூரியா மூட்டை இருந்தா கிடைக்குக் கூலி குறையும். கண்மாய்க் கரையும் தரிசும் பிளாட்டா மாறினா மேய்ச்சல் போகும். காட்டு மேய்ச்சலும் சுருங்குது. மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் காடுகள் 2021இல் புலிகள் காப்பகம் ஆச்சு. அடுத்த வருஷம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகங்களில் மாடு மேய்க்க உயர் நீதிமன்றம் தடை போட்டது. புலிக்கும் இடம் வேணும், மறுக்கலை. ஆனா வாடிவாசலுக்கு வாதாடின அளவுக்கு மேய்ச்சல் நிலத்துக்கு யாரும் வாதாடலைங்கிறது என் வருத்தம். காளை ஒண்ணைக் கொட்டகையில் பருத்திக்கொட்டை போட்டு வளர்த்துடலாம். முன்னூறு பசுவை அப்படி வளர்க்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது.

அறுவடைக்கு அப்புறம் மேலூர், சிவகங்கை ரோட்டில் பைக்கில் போனா, வரப்பு ஓரம் கயிறு கட்டின கிடை கண்ணில் படலாம். நிறுத்திப் பாருங்க, கிடைக்காரர்கிட்ட ஒரு ராத்திரிக்கு என்ன தர்றாங்கன்னு கேளுங்க, சந்தோஷமா பேசுவார். மந்தைக்குள்ள மட்டும் இறங்கிடாதீங்க. கன்னுக்குட்டி பக்கத்தில் இருக்கிற புலிக்குளம் பசுவுக்கு உங்க காலேஜ் ஐடி கார்டெல்லாம் செல்லாது.